நாலு துளைப் பலகை

மஸ்கெலியா பஜாரில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது ஒரு பழைய மினி கார் இறங்கி வந்தது. புதுப் பெயின்ட். மட்கார்டுக்கு வெளியே ஒரு விரல் அகலம் துருத்திக்கொண்டு கறுப்பு அலோய் வீல்கள். வளைவில் பையன் ஸ்டீயரிங்கை ஒடித்ததும் முன்பக்கத்திலிருந்து ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். டயர் தகரத்தைச் சுரண்டும் சத்தம்.

அது எனக்குப் பழகிய சத்தம். அதைக் காதில் வாங்கியே உள்பக்கம் உரசுகிறதா, வெளி விளிம்பில் உரசுகிறதா என்று சொல்லிவிடும் ஒருவரிடம்தான் என் பள்ளி விடுமுறைகள் கழிந்தன. ஊரில் எல்லாரும் அவரை பாஸ் என்பார்கள். மேசனும் பாஸ், தச்சரும் பாஸ், மெக்கானிக்கும் பாஸ் என்று அழைக்கும் ஊர் இது. அதனால் அவர் ‘கராஜ் பாஸ்’.

இப்போதுள்ள பஜார் புது பஜார். பழைய மஸ்கெலியா மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. அறுபதுகளின் கடைசியில் அணை எழும்பித் தண்ணீர் ஏறியபோது ஊர் மேட்டுக்குக் குடிபெயர்ந்தது. கடும் வறட்சி வந்தால் மூழ்கிய கோயில் தலைகாட்டும். சனம் சேற்றில் நடந்துபோய்க் கும்பிட்டுவிட்டு வரும். பாஸின் முதல் கராஜும் அந்தப் பழைய ஊரில்தான் இருந்தது. மேலே வரும்போது ஒரு வைஸையும், ஒரு மேசையையும், ஒரு கட்டுப் பலகைகளையும் கொண்டுவந்தாராம். அந்தப் பலகைகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் மாமா தோட்டத்துப் பெரிய துரைக்கு டிரைவர். அவர் ஓட்டியது ஜீப். சின்னத்துரை மட்டும் தன் காரைத் தானே ஓட்டுவார். எம்.ஜி. மிட்ஜெட், 1275 சிசி, பச்சை நிறம், இரண்டே இரண்டு சீட். மேல்கூரையை மடக்கிவிட்டு அவர் சாமிமலை ரோட்டில் வருவது நாலு வளைவுக்கு முன்பே கேட்கும். கேட்டதும் கொழுந்துக்கூடையோடு போகிற பெண்கள் கானுக்குள் இறங்கி நிற்பார்கள். ஆண்கள் குடையை மடக்கி, தலையில் கட்டிய லேஞ்சியை அவிழ்ப்பார்கள். மழை பெய்தாலும் அப்படித்தான். கார் போன பிறகு, நனைந்த தலையோடு மறுபடி ரோட்டில் ஏறுவார்கள். என் ஆயா அந்தக் காரின் நிறத்தைக் கடைசிவரை சரியாகச் சொன்னதில்லை. அவர் பார்த்ததெல்லாம் அதன் சில்லைத்தான். தலை குனிந்து நிற்பவருக்கு அந்த உயரம்தானே கண்ணில் படும்!

1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. வெள்ளைக்காரத் துரைமார் பெட்டி கட்டினார்கள். பங்களாச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின: பியானோ, கோல்ஃப் மட்டைகள், மான் கொம்பு, நாய்க்குட்டிகள்கூட. மிட்ஜெட்டை பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தவரின் மகன் வாங்கினார். அவரைச் சின்ன முதலாளி என்போம். அவருடைய தாத்தா இதே தோட்டத்தில் கங்காணிக்குக் கீழே மண்வெட்டி பிடித்தவர். பேரன் முதன்முதலாக அந்தக் காரில் வந்த அன்றும், பழக்கதோஷத்தில் இரண்டு கிழவர்கள் கானுக்குள் இறங்கிவிட்டார்கள். சின்ன முதலாளி காரை நிறுத்தி, “ஐயா, நான்தானுங்க, மேல வாங்க” என்று கெஞ்சியதை மாமா வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

காருக்கு ஒரு குறை இருந்தது. மிட்ஜெட் தரையை ஒட்டி ஓடும் கார். இங்கிலாந்தின் வழவழப்பான ரோட்டுக்கு அது அழகு. எங்கள் தோட்டத்து ரோட்டில் நடுவே கல் முதுகு காட்டிக்கொண்டு கிடக்கும். சைலன்சர் தட்டும், ஆயில் சம்ப் தட்டும். அதோடு, 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு ஹட்டனில் ஜப்பான் கார்கள் ஓடத் தொடங்கியிருந்தன. அவற்றின் பளபளக்கும் வீல்களுக்குப் பக்கத்தில் மிட்ஜெட்டின் 13 அங்குலத் தகர வீல் சப்பென்று தெரிந்தது. உயரமும் வேண்டும், வடிவும் வேண்டும் என்று சின்ன முதலாளி கராஜுக்கு வந்து நின்றார்.

முதலில் அவர் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து கொண்டுவந்தது டட்சன் காருக்கான அலோய் செட். நாலு துளைதான். பாஸ் வீலைக் கையில்கூட எடுக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே “அரை இன்ச் கூட” என்றார். வைத்துப் பார்த்தோம், ஒரு ஸ்டட் துளைக்குள் போனால் எதிர்ப்பக்கத்து ஸ்டட் உலோகத்தில் முட்டியது. மிட்ஜெட்டின் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். டட்சனுடையது நாலரை அங்குலம், 114.3.

இரண்டாவது செட் ஏதோ ஒரு ஜேர்மன் காருக்கு உரியது. 14 அங்குலம். பார்க்க நல்ல அழகு. ஸ்டட்டில் வைத்ததும் போய் உட்கார்ந்தது. சின்ன முதலாளி கைதட்டினார். நட்டுகளைக் கையால் ஏற்றினோம். இரண்டு ஏறின. மூன்றாவது சற்றுச் சாய்ந்து ஏறியது. நாலாவது பாதியில் நின்றது.

“ஸ்பானர் போட்டு இழுத்தா உக்காந்துரும் பாஸ்.”

“உக்காரும். எந்திரிச்சும் போயிரும். நீங்க லக்ஷபான எறக்கத்துல போகையில.”

உள்ளே போய் ஒரு பலகையை எடுத்து வந்தார். தேயிலைப் பெட்டியின் பிளைவுட் துண்டு. ஒரு பக்கத்தில் தோட்டத்தின் பெயர் அரைகுறை ஸ்டென்சில் எழுத்தில் தெரிந்தது. நடுவில் நாலு துளை. பக்கத்தில் பென்சிலால் ‘மைனர்’ என்று எழுதியிருந்தது. அவரிடம் இப்படி ஒவ்வொரு வகைக் காருக்கும் ஒரு பலகை உண்டு. நாலு துளைக்காரர்கள் தனி, ஐந்து துளைக்காரர்கள் தனி. கார் இல்லாமலே, இந்த வீல் எந்த வண்டிக்குப் போகும் என்று அவர் சொல்வது இந்தப் பலகைகளை வைத்துத்தான். பலகையை ஜேர்மன் வீலின் மேல் வைத்து, துளை வழியாகப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் பிறை போல ஒரு மெல்லிய விளிம்பு தெரிந்தது. அந்த வீலின் வட்டம் 100 மில்லிமீற்றர். வித்தியாசம் 1.6, ஒரு பக்கத்துக்குப் பார்த்தால் 0.8, ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை.

“டட்சன் வீலால ஒரு ஆபத்தும் இல்ல. அது மாட்டாது, அவ்வளவுதான். இதுதான் ஆளைக் கொல்லும். மாட்டுற மாதிரியே இருக்கும்” என்றார். ஸ்டட்டுகளை உள்பக்கம் வளைத்துக்கொண்டுதான் அந்த வீல் உட்காரும். ஓட ஓட நட்டு தளரும். ஒருநாள் ஸ்டட் அறும். இன்னொன்றையும் காட்டினார். அலோய் வீல் தகரத்தைவிடத் தடிப்பு. அதனால் ஸ்டட்டின் மறையில் நட்டு நாலு சுற்றுகூட ஏறவில்லை. “எத்தன சுத்து ஏறுதுன்னு எண்ணுடா” என்று என்னிடம் வேலை தந்தார். அன்று தொடங்கிய பழக்கம். இன்றும் எந்த வண்டியின் நட்டைக் கழற்றினாலும் மனம் தானாக எண்ணும்.

துளை வட்டத்தை அளக்க அவர் சொல்லித்தந்த வழியும் நினைவிருக்கிறது. துளையின் நடுப்புள்ளியைக் கண்ணால் பிடிப்பது கடினம். ஆகவே ஒரு துளையின் இடது ஓரத்திலிருந்து எதிர்த் துளையின் இடது ஓரம்வரை அளந்தால் போதும். அதுவே நடுவுக்கு நடு. எங்கள் கணக்கு வாத்தியார் வட்டத்தைப் பற்றி ஒரு தவணை முழுக்கச் சொன்னதைவிட இது எனக்கு நன்றாக விளங்கியது.

கடைசியில் பொருத்தமான வீல் கிடைத்த இடம் பஞ்சிகாவத்தை அல்ல, ஹட்டனில் பிரித்துப் போட்டிருந்த ஒரு மோரிஸ் மைனர். மைனருக்கும் மிட்ஜெட்டுக்கும் அதே 4 அங்குல வட்டம், அதே ஸ்டட். மைனரின் வீல் 14 அங்குலம். மைனர் டயரில் 5.20–14 என்றும், மிட்ஜெட் டயரில் 5.20–13 என்றும் எழுதியிருக்கும். பருமன் ஒன்றே, ரிம்தான் ஓர் அங்குலம் கூட. அப்படியானால் கார் அரை அங்குலம் உயரும். ஊரில் பாதி டாக்சி மைனர்தான் என்பதால் டயருக்கும் பஞ்சமில்லை. சின்ன முதலாளிக்கு முகம் சுருங்கியது. பளபளப்புக்கு ஆசைப்பட்டவருக்குக் கிடைத்தது டாக்சிக்காரரின் தகர வீல். பாஸ் அதற்கு அலுமினியப் பெயின்ட் அடித்துத் தருவதாகச் சமாதானம் சொன்னார்.

மாட்டியதோடு வேலை முடியவில்லை. டயரின் தோள் முழுக்கச் சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்தார். பிறகு பையன்கள் எங்களைக் கூப்பிட்டு டிக்கியிலும் சீட்டுக்குப் பின்னால் உள்ள இடுக்கிலும் ஏறச் சொன்னார். நாங்கள்தான் மூட்டை. கோயில் மைதானத்தில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வட்டம், மறுபக்கம் ஒடித்து வட்டம். பிறகு வேண்டுமென்றே குழிகளில் இறக்கினார். எங்கள் தலை இடித்ததைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ‘கர்ர்ர்’ சத்தம் வந்த ஒவ்வொரு தடவையும் கையை உயர்த்தி, “பின்னால, இடது, உதடு” என்பதுபோல ஏதாவது சொல்வார். நிறுத்தி மட்கார்டுக்கு அடியில் கையை விட்டால், அவர் சொன்ன இடத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும்.

பின் மட்கார்டின் உள் விளிம்பு ஒரு பக்கத்தில் மட்டும் உரசியது. அந்தக் கார்களில் இடமும் வலமும் அச்சாக ஒரே அளவு இருப்பதில்லை என்றார். டயருக்கும் விளிம்புக்கும் இடையில் மண்வெட்டிப் பிடி ஒன்றைச் செருகி, காரை ஆமை வேகத்தில் தள்ளச் சொன்னார். பிடி உருள உருள விளிம்பு மேல்நோக்கி மடிந்தது. பெயின்ட் ஒரு இடத்தில்கூட வெடிக்கவில்லை.

கல் தட்டுவது குறைந்தது. ஆனால் வேறு இரண்டு மாற்றங்களும் கூடவே வந்தன. மீட்டர் 40 மைல் காட்டும்போது கார் 42இல் போனது. வட்டம் பெரிதானால் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகிறது, மீட்டருக்கு அது தெரியாது. மற்றது ஏற்றம். முன்பு மூன்றாம் கியரில் ஏறிய நோர்வூட் ஏற்றத்தில் இப்போது இரண்டாம் கியருக்கு இறங்கவேண்டி வந்தது. பெரிய வீலைச் சுற்ற எஞ்சின் கூடுதலாக முக்கவேண்டும். சின்ன முதலாளி குறைப்பட்டபோது பாஸ், “உயரத்தக் கேட்டீங்க, குடுத்தேன். இழுவைய எங்கயிருந்து எடுக்கிறது?” என்று சிரித்தார்.

மினிப் பையனுக்கு வருகிறேன். அவன் டீக்கடைக்கு முன்னால் நிறுத்தியிருந்தான். போய்ப் பேச்சுக் கொடுத்தேன். “அங்கிள், 13 இன்ச் போட்டிருக்கேன். ஃபோன்ல கணக்குப் பாத்துத்தான் வாங்கினேன்” என்றான். என் காலத்தில் ‘ஐயா’ அல்லது ‘மாமா’. இப்போது எல்லாருக்கும் அங்கிள். அவன் ஃபோனில் காட்டிய கணக்கு சரியாகத்தான் இருந்தது. இப்போதெல்லாம் அளவு முழுவதும் டயரிலேயே இருக்கிறது. மிட்ஜெட்டின் 13 அங்குல வீலுக்குப் போடும் 145/80 ஆர் 13 என்றால் 145 மில்லிமீற்றர் அகலம், அதில் 80 வீதம் பக்கச் சுவரின் உயரம், 13 அங்குல ரிம். கூட்டிப் பார்த்தால் முழு உயரம் 562 மில்லிமீற்றர். மிட்ஜெட்டுக்கு 185/55 ஆர் 14 போட்டால் 559; ஏறக்குறைய அதே உயரம், மீட்டரும் ஏமாறாது. 195/50 ஆர் 15 போட்டால் 576. அவ்வளவு பெரிய ரிம்முக்கு மாறியும் தரையிலிருந்து காருக்குக் கிடைப்பது 7 மில்லிமீற்றர்தான். அகலமோ 50 மில்லிமீற்றர் கூடிவிடும்; உரசுவது அதனால்தான். பக்கச் சுவர் 116இலிருந்து 97.5க்கு இறங்கிவிடும், மழைக்காலத்துச் சாமிமலை ரோட்டின் குழியில் விழுந்தால் அடியை வாங்குவது ரப்பர் அல்ல, ரிம்.

அவன் காருக்கு 1959இல் கம்பனி போட்டது வெறும் 10 அங்குல வீல். மைனரையும் மினியையும் வடிவமைத்தவர் ஒருவரே, அலெக் இஸ்ஸிகோனிஸ். 1948இல் மைனர் வந்தபோது அதன் 14 அங்குலமே சின்னதாகத் தெரிந்தது. மற்றக் கார்கள் 16, 17 அங்குலத்தில் ஓடின. மினியில் அவர் இன்னும் சுருக்கினார். அந்த அளவில் டயரே கிடையாது. டன்லப் கம்பனி புதிதாகச் செய்து கொடுத்தது. வீல் சின்னதானால் அது காருக்குள் பிடிக்கும் இடம் மிச்சம், அந்த இடத்தில் ஆள் உட்காரலாம் என்பது அவர் கணக்கு. அந்த 10 அங்குல வீல்களோடு 1964இல் பாடி ஹொப்கேர்க் மொண்டி கார்லோ ராலியை வென்றார். இதைச் சொன்னதும் பையன், “அது பனி ரோட்டு அங்கிள்” என்றான். அதுவும் நியாயமான பதில்தான்.

இந்தப் பையன்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்கள் மறுபடி வர 2025 ஆகிவிட்டது. இடையில் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை. புதுக் கார் கனவு போனபோது, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாயின் கீழ் கிடந்ததையெல்லாம் இவர்கள்தான் இழுத்து உயிர் கொடுத்தார்கள். லயத்தில் பிறந்தவன் கொழும்பில் கடையில் நின்று சேர்த்த சம்பளத்தில் வாங்கிய கார் அது. நாலு பேர் திரும்பிப் பார்க்கட்டும் என்று நினைக்கிறான். அவன் பாட்டி கானுக்குள் நின்றவர்.

பாஸ் இந்த ஊரில் நிலைக்கவில்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவானது. அவருடைய குடும்பம் அந்தக் காலத்திலேயே இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. வருஷக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திடீரென்று பாஸ்போட் வந்தது. ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் கோச்சியை ஒப்பாரிக் கோச்சி என்று சனம் சொன்ன காலம் அது. ஒவ்வொரு வாரமும் யாராவது ஒரு வீட்டில் சட்டி பானை விற்பனை.

பாஸ்போட் வந்த பிறகு வந்த சித்திரையில்தான் சின்ன முதலாளி நுவரெலியாவுக்குப் போக நினைத்தார். மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் துரைமார் காலத்தில் தொடங்கியது; தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறும் தோட்டத்து ரோட்டில் ஒவ்வொரு காராக விட்டு நேரம் எடுப்பார்கள். எங்கள் பஜாரிலிருந்து ஒரு கார் அங்கே போகிறது என்றதும் கராஜில் இரவு பகல் தெரியவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் பாஸ் மைனர் வீல்களைக் கழற்றி, பழைய 13 அங்குல வீல்களையே மாட்டினார். சின்ன முதலாளி பதறிவிட்டார். அந்த உயரத்துக்குப் பட்டபாடு எல்லாம்?

“அது தோட்டத்து ரோட்டுல கல்லுக்குத் தப்ப. இது ஏத்தம். இங்க கல்லு இல்ல, செக்கன்தான் இருக்கு. சின்ன வீல்தான் வெடுக்குன்னு இழுக்கும்.”

மாமாவின் புண்ணியத்தில் நானும் போனேன். குளிரும் பெற்றோல் வாடையுமாக இருந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் கொழும்புக்காரர்கள். மற்றப் பாதி அந்தத் தோட்டத்து ஆட்கள், தேயிலைச் செடிகளுக்கு மேலே வரிசையாக நின்றார்கள், தலையில் லேஞ்சி, கையில் குடை. பச்சைக் கார் ஸ்டார்ட்டுக்கு வந்தபோது ஒலிபெருக்கியில் ஆளின் பெயரைச் சொல்லி, ஊர் மஸ்கெலியா என்றார்கள். மாமா என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். கார் முதல் வளைவைப் பிடித்து ஏறியது. ஒரு குடையும் மடங்கவில்லை.

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. அவருடைய வகுப்பில் நடுவில் எங்கோ வந்தார். திரும்பும்போது பாஸ் பேசாமலே இருந்தார். நானு ஓயா தாண்டியதும் கணக்கைத் தொடங்கிவிட்டார். இந்த மிட்ஜெட்டின் டிஃபரன்ஷல் 3.9. மைனர் 1000இன் பின் அச்சில் கிடப்பது 4.22, அந்தக் கிரவுன் பினியன் இதற்குள் அப்படியே உட்காரும். அதைப் போட்டால் 14 அங்குல வீலோடும் இழுவை குறையாது, இன்னும் கூடத்தான் செய்யும். உயரமும் நிற்கும், ஏற்றமும் ஏறும். “வீல மட்டும் மாத்தினது பாதி வேல. அடுத்த வருஷம் டிஃபரன்ஷல்ல கைவைக்கணும்” என்றார். கப்பலுக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்பது வண்டியில் இருந்த எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

அடுத்த சித்திரையில் அவர் கோத்தகிரியில் லொறி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். டிஃபரன்ஷலில் கைவைத்தது நான். நட்டுகளை எண்ணித்தான் முடுக்கினேன்.